கொலுப்படியில் நிற்கட்டும் பந்தயக் கார்கள்

கேள்வி: எனக்கு வயது 48. சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். சிறு வயதில் அப்பாவின் ஸ்கூட்டரில் சோழவரம் போய்க் கார்ப் பந்தயம் பார்த்த நாளிலிருந்து அந்தப் பித்து என்னை விடவில்லை. ஆறு ஆண்டுகளாக நானும் பிளஸ் ஒன் படிக்கும் மகளும், பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்திக் கட்டும் லெகோ பந்தயக் கார்களை வாங்கிக் கட்டி வருகிறோம். இப்போது 23 கார்கள் உள்ளன. 2025இல் வந்த ஃபார்முலா ஒன் அணிகளின் சிறிய கார்கள் பத்து. அதே அளவில் வேறு பந்தயக் கார்கள் ஒன்பது. ஓரடி நீளத்தில் மெக்லாரன் எம்பி4/4, வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி இரண்டும். லெகோவின் டெக்னிக் வரிசையில் வந்த பெரிய மெக்லாரன் ஒன்று. மிச்சத் துண்டுகளை வைத்து நாங்களே கட்டிய, ஜோர்டான் அணியின் மஞ்சள் கார் ஒன்று. ஹாலில் சுவரோடு பதித்த பழைய ஷோகேஸில் எல்லாவற்றையும் அடுக்கினோம். ‘பொம்மைக் கடை மாதிரி இருக்கிறது’ என்கிறார் மனைவி. எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல். சில ஸ்டிக்கர்கள் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. தூசியும் தாங்கவில்லை. புதிதாக அலமாரி செய்யலாமா? கார்கள் கலையாமல் இருக்கப் பசை போட்டு ஒட்டிவிடலாமா? ஷோகேஸின் அகலம் 5 அடி, மூன்று தட்டுகள், ஒவ்வொன்றும் ஓரடி உயரம், ஓரடி ஆழம். தரையிலிருந்து முதல் தட்டு 3 அடியில் இருக்கிறது. சிறிய கார்களை அளந்தேன், 20 செ.மீ. அளவில் இருக்கின்றன. படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, புதிய அலமாரி வேண்டாம். பசை அறவே வேண்டாம். இருக்கும் ஷோகேஸே போதும். அதில் கார்கள் நிற்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். மூன்றாவது தட்டில் இடது ஓரத்தில் பச்சை ஆஸ்டன் மார்ட்டின் நிற்கிறது. அதன் முன்சக்கரமும் முன் இறக்கையின் நுனியும் மட்டுமே தெரிகின்றன. ஓட்டுநர் உட்காரும் குழி, அதைச் சுற்றி ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹேலோ வளையம், பின்பக்கம் ஒடுங்கிக்கொண்டே போகும் உடல் எதுவும் கண்ணில் படவில்லை. அதற்குப் பின்னால் இன்னொரு கார் இருப்பது, ஷோகேஸின் பின்சுவரில் பதித்த ரசக் கண்ணாடியில் விழும் பிம்பத்தால்தான் தெரிகிறது. நீங்களும் மகளும் துண்டு துண்டாகக் கட்டியதில் பெரும் பகுதி இப்படி ஒளிந்து கிடக்கிறது.

பந்தயக் கார் தாழ்வான பொருள். உங்களிடம் உள்ள சிறிய கார்களின் உயரம் ஐந்து செ.மீ. அளவுதான். தாழ்வான பொருளைக் கண்மட்டத்தில் வைத்தால் அதன் விலாப்புறம் ஒரு கோடாகத் தெரியும். கண்மட்டத்துக்கு மேலே வைத்தால் தட்டின் விளிம்பே அதை மறைத்துவிடும். அதன் அழகு மேலிருந்து சற்றுச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் பிடிபடும். சோழவரத்தில் நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அப்பா உங்களைத் தூக்கித் தோளில் வைத்திருந்தால், காரை மேலிருந்துதான் பார்த்திருப்பீர்கள்.

நம் வீடுகளில் ஷோகேஸ் வந்தது உயரமான பொருள்களுக்காக. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பள்ளியில் வாங்கிய வெள்ளிக் கோப்பை, திருமணத்தில் வந்த பூச்சாடி எல்லாம் நிமிர்ந்து நிற்பவை. அவற்றுக்கு ஓரடி உயரத் தட்டு சரி. ஐந்து செ.மீ. காரை அதே தட்டில் வைத்தால் மேலே இருபத்தைந்து செ.மீ. காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் மனம் ‘இன்னும் நாலு வைக்கலாம்’ என்று சொல்லும். கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் தாழ்வான பொருள்களையும் பல வரிசையில் வைத்து ஒவ்வொன்றின் முகமும் தெரியச் செய்வது நமக்குத் தெரியாத கலை அல்ல. ஒவ்வொரு நவராத்திரிக்கும் செய்கிறோம். கொலுவில் பின்வரிசைப் பொம்மை முன்வரிசையின் தலைக்கு மேல் எட்டிப் பார்ப்பது படியால்தான். உங்கள் ஷோகேஸுக்குள் ஒரு சிறிய கொலுப்படியைக் கொண்டுவரப்போகிறோம்.

முதலில் மேல் தட்டை முழுவதும் காலி செய்யுங்கள். அது தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், கிட்டத்தட்டக் கண்மட்டத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கார்கூட வேண்டாம். அந்தத் தட்டை உங்கள் மனைவியிடம் ஒப்படைத்துவிடுங்கள். படத்தில் ஷோகேஸுக்குக் கீழே தரையில் ஓரமாக ஒரு தலையாட்டி பொம்மையும் இரண்டு பித்தளை விளக்குகளும் இருப்பதைக் கவனித்தேன். அவை மேல் தட்டிலிருந்து இறக்கப்பட்டவை என்று தோன்றுகிறது. அவற்றின் இடம் அதுதான், திரும்பப் போகட்டும். உயரமானவை மேலே, தாழ்வானவை கீழே என்று ஆகிவிட்டால் ஷோகேஸ் குடும்பத்தின் ஷோகேஸாகவே இருக்கும். இதை நான் சமாதானப் பேச்சாகச் சொல்லவில்லை, கண்ணுக்கு அதுதான் சரி.

கீழ்த் தட்டு மூன்றடியில் இருக்கிறது. நின்று பார்த்தாலும், சோபாவில் உட்கார்ந்து பார்த்தாலும் கண் அதற்கு மேலேதான் இருக்கும். பத்து ஃபார்முலா ஒன் கார்களும் இங்கேதான் வர வேண்டும். உங்களிடம் பத்து அணிகளின் பத்து கார் இருப்பதால் பந்தயம் தொடங்கும் முன் நிற்கும் அணிவகுப்பையே அமைத்துவிடலாம். உண்மையான ஓடுதளத்தில் கார்கள் இரண்டு பத்திகளாக, ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் முன்பின்னாக நிற்கும். ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் 8 மீட்டர் இடைவெளி. உண்மைக் காரின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். உங்கள் கார் 20 செ.மீ. அந்த விகிதத்தில் 8 மீட்டர் என்பது 29 செ.மீ. ஆகும். பத்து கார்களுக்கு ஒன்பது அடிக்கு மேல் போய்விடும். உங்களிடம் ஐந்தடிதான் உள்ளது. ஆகவே இடைவெளியைப் பாதிக்குச் சற்றுக் கீழே குறைத்து, ஒரு மூக்குக்கும் அடுத்த மூக்குக்கும் பதின்மூன்றரை செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த நீளம் 142 செ.மீ.க்குள் அடங்கும். ஒரே பத்தியில் முன்னும் பின்னும் நிற்கும் கார்களுக்கு நடுவே ஏழு செ.மீ. கிடைக்கும். கண் மூச்சு விட அது போதும்.

இரண்டு பத்திகளையும் ஒரே மட்டத்தில் வைத்தால் பின்பத்தி மறைந்துவிடும். பின்பத்திக்கு ஏழு செ.மீ. உயரத்தில் ஒரு படி செய்யுங்கள். பன்னிரண்டு மி.மீ. பிளைவுட் போதும், 14 செ.மீ. ஆழம். முன்படியும் அதே ஆழம். இரண்டின் மேற்பரப்பையும் பார்ப்பவர் பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்க்கச் சொல்லுங்கள். கார்கள் பக்கவாட்டில் நிற்பதால் சக்கரம் உருண்டு ஓடாது. சாய்வும் குறைவு என்பதால் ரப்பர் டயர் பிடித்துக்கொள்ளும். தச்சர் ‘எதற்குச் சார் சாய்வு, தட்டையாகவே செய்கிறேன்’ என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தச் சாய்வால்தான் கண்ணுக்குக் காரின் முதுகு தெரிகிறது.

மினுமினுக்கும் மைக்கா ஒட்டாமல், பளபளப்பில்லாத அடர் சாம்பல் நிறப் பெயின்ட் அடியுங்கள். தார்ச் சாலையின் நிறம் அது. மெக்லாரனின் பப்பாளி நிறமும் ஃபெராரியின் சிவப்பும் அதன்மேல் எரியும். கறுப்பு மெர்சிடிஸ் மட்டும் சற்று அமுங்கும். அதை விளக்குக்கு நேர் கீழே வரும்படி நிறுத்துங்கள். அணிவகுப்புக் கோடுகளை மகளே வெள்ளைப் பெயின்டால் போடட்டும். பெயின்டும் பிளைவுட்டும் வாசனை அடங்கும்வரை, இரண்டு வாரமாவது கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு கார்களை உள்ளே வையுங்கள்.

பின்னால் இருக்கும் ரசக் கண்ணாடியை மறைத்துவிடுங்கள். ஒரு காலத்தில் ஷோகேஸ் பெரிதாகத் தெரிய எல்லோரும் அதைப் பதித்தார்கள். அது பத்து காரை இருபதாகக் காட்டும், கூடவே எதிர்ஜன்னலையும் சோபாவையும் காட்டும். உடைத்து எடுக்க வேண்டியதில்லை. சாம்பல் நிறச் சார்ட் அட்டையை வெட்டி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். பிடித்துப்போனால் பிறகு நிரந்தரமாகப் பலகை அடிக்கலாம்.

நடுத் தட்டில் மூன்றே கார்கள். ஐந்தடியில் மூன்றுதானா என்று கேட்பீர்கள். இந்த மூன்றும் அந்த இடத்துக்குத் தகுதி உள்ளவை. எம்பி4/4, 1988இல் நடந்த 16 பந்தயங்களில் 15ஐ வென்ற கார். அதை ஓட்டிய அயர்டன் சென்னாவின் குட்டி உருவமும் கூடவே வந்திருக்கும்; தொலைக்காமல் அருகில் நிறுத்துங்கள். எஃப்டபிள்யூ14பி, 1992இல் நைஜல் மான்செலுக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த கார். இவை இரண்டும் இரு பக்கத்தில், மூக்கு நடுவை நோக்கியபடி, சற்று முன்பக்கம் திரும்பி நிற்கட்டும்.

நடுவில் நீங்கள் கட்டிய மஞ்சள் ஜோர்டான்.

அதைப் படத்தில் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் தட்டின் மூலையில், வேறொரு காரின் பின்னிறக்கைக்குப் பின்னால் இருந்தது. ஏன் அதை அங்கே தள்ளினீர்கள் என்று புரிகிறது. மஞ்சள் துண்டு தீர்ந்துபோன இடத்தில் ஆரஞ்சு வைத்திருக்கிறீர்கள், ஸ்டிக்கர் இல்லை, கடையில் வாங்கியவற்றின் பக்கத்தில் அதன் கோணல் தெரிகிறது. ஆனால் 2005இல் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் ஓட்டித்தான் முதல் இந்திய ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார். அந்த ஆண்டு இண்டியானாபொலிஸில் டயர்ப் பிரச்சினையால் ஆறு கார்களே ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து புள்ளிகள் பெற்றார். சோழவரத்தில் தொடங்கிய உங்கள் கதைக்கு அந்தக் கார் வேண்டும் என்று நினைத்து, பெட்டியும் வழிகாட்டிப் புத்தகமும் இல்லாமல் நீங்களும் மகளும் கட்டியிருக்கிறீர்கள். வேறு யார் வீட்டிலும் அது இருக்காது. அதை நடுவில் வையுங்கள்.

நடுத் தட்டுக் கார்களைச் சாய்வான மேடையில் நிறுத்தினால், மூக்கு சற்று முன்பக்கம் திரும்பியிருப்பதால் உருளும் ஆபத்து உண்டு. இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் இதுபோன்ற மேடையில் கார்களை இருபுறமும் ஒட்டும் டேப்பால் பிடித்துவைத்தேன். கத்தரி வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் டேப்பின் பசை இளகி, ஒரு கார் கீழே விழுந்து சிதறியது. வீட்டுக்காரர் கோபப்படவில்லை, ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மற்றொரு துண்டைக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு டேப்பை நம்புவதில்லை. லெகோவுக்கு லெகோவே பிடிமானம். குமிழ் உள்ள சில துண்டுகளை அடுக்கி ஒரு குட்டித் தூண் செய்து, காரின் அடிப்பகுதியில் குமிழ் பொருந்தும் இடத்தைத் தேடி அதன்மேல் அழுத்தி உட்கார வையுங்கள். டயர்கள் மேடையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் உயரம் சரி. எடை டயர்மேல் ஏறாததால் டயர் ஒரே இடத்தில் நசுங்கிக் கிடப்பதும் குறையும். தூணின் அடியில் ஒரு பட்டைத் துண்டை மேடையோடு திருகாணியால் முடுக்கிவிட்டால் கார் அசையாது. கையால் இழுத்தால் எப்போது வேண்டுமானாலும் வரும்.

பசை ஏன் கூடாது என்பதும் இதிலேயே இருக்கிறது. கழற்றி மறுபடி கட்ட முடிகிறது என்பதுதான் இந்தப் பொருளின் உயிர். போதாததற்கு, உடனடியாக ஒட்டும் பசைகளின் ஆவி பக்கத்துத் துண்டுகள்மேல் வெண்படலமாகப் படியும். சிவப்பிலும் கறுப்பிலும் அது மிக அசிங்கமாகத் தெரியும்.

டெக்னிக் மெக்லாரன் 65 செ.மீ. நீளம், 27 செ.மீ. அகலம். அதை எந்தத் தட்டில் வைத்தாலும் தட்டையே விழுங்கிவிடும். இதைச் சுவரில் மாட்டுங்கள், மூக்கு மேலே பார்க்க, ஓவியத்தைப் போல. காரை நேர் மேலிருந்து பார்க்கும் காட்சி நின்றபடியே கிடைக்கும். சுவரிலிருந்து பதினைந்து செ.மீ. அளவே வெளியே வரும். நடக்கும்போது தோள் இடிக்காத சுவராகப் பாருங்கள்; மகளின் படிப்பு மேசைக்கு மேலே உள்ள சுவர் பொருத்தம். மாட்டும் முன் சமையலறைத் தராசில் எடை பார்த்து, அதைப்போல மூன்று மடங்கு தாங்கும் கொக்கி வாங்குங்கள். முன்பகுதியில் ஒன்று, பின்பகுதியில் ஒன்று என இரண்டு இடத்தில், இறக்கையைப் பிடிக்காமல் நடு உடலின் உறுதியான சட்டத்தைப் பிடித்து மாட்ட வேண்டும். சுவரைத் துளையிடும்போது வரும் தூளைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். சாதாரண பிளக்கும் திருகாணியும் போதும். வெளிர் சாம்பலாக, மாவு போல வந்தால் அது எடை குறைந்த ஏஏசி கட்டியாக இருக்கும். அதற்கென்றே உள்ள நீளமான பிளக்கைக் கடையில் கேட்டு வாங்குங்கள். சாதாரண பிளக் அதில் நாளடைவில் தளரும்.

மீதி ஒன்பது கார்களுக்கு வருகிறேன். அவை இப்போதைக்கு உள்ளே போகட்டும். வருத்தப்படாதீர்கள். கொலுப் பொம்மைகள் ஆண்டு முழுவதும் பெட்டிக்குள் இருந்துவிட்டு ஒன்பது நாள் வெளியே வருவதால்தான் அந்த ஒன்பது நாளும் அவற்றை உட்கார்ந்து பார்க்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அணிவகுப்பை எடுத்துவிட்டு இந்த ஒன்பதையும் அதே படிகளில் வையுங்கள். நடுத் தட்டு மட்டும் மாற வேண்டாம்.

உள்ளே வைப்பதிலும் கவனம் தேவை. கொலுப் பெட்டியில் போடுவதுபோல அந்துருண்டை போட்டுவிடாதீர்கள்; அதன் ஆவி இந்த வகை பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பிவிசி விரிப்பில் சுற்றுவதும் வேண்டாம். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை துண்டுகளில் ஏறும். பழைய பருத்தி வேட்டித் துணி நல்லது. லாஃப்டில் ஏற்றாமல் பீரோவின் அடித்தட்டில் வையுங்கள்.

வெயிலைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. லெகோ துண்டுகள் 1963 முதல் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. உறுதியானது, ஆனால் புற ஊதாக் கதிர் பட்டால் நாளடைவில் மஞ்சளிக்கும். வெள்ளையிலும் வெளிர் நிறங்களிலும் முதலில் தெரியும். உங்கள் எம்பி4/4இன் வெள்ளைதான் முதலில் போகும். ஸ்டிக்கர் ஓரம் தூக்குவதற்கும் சூடு ஒரு காரணம். மேற்கு ஜன்னல் கண்ணாடியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டுங்கள். அதோடு பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணிவரை கனமான திரை மூடியிருக்க வேண்டும். படலம் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள்; வெளிச்சமும் நிறத்தை வெளிறச் செய்யும். தூக்கிய ஸ்டிக்கருக்கு: அந்தத் துண்டை மட்டும் கழற்றி, உள்ளங்கையில் சற்று நேரம் வைத்துச் சூடேற்றி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். அதிலும் நிற்காவிட்டால் உரித்துவிடுவதே நல்லது. ஓரம் சுருண்ட ஸ்டிக்கரைவிட வெறும் நிறம் அழகு.

ஷோகேஸுக்குள் இப்போது பின்பக்கம் ஒரு குழல் விளக்கு இருக்கிறது. அதனால் கார்களின் முகம் நிழலில் நிற்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் முன்விளிம்பின் உட்புறத்தில், கண்ணில் கூசாதபடி உள்நோக்கித் திருப்பிய எல்இடி பட்டை வையுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு 4000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். மஞ்சள் வெளிச்சம் வெள்ளைக் காரைப் பழசாகக் காட்டும். புள்ளி புள்ளியாகத் தெரியாமல் இருக்க, பால்நிற மூடி உள்ள அலுமினியச் சட்டத்துக்குள் போடச் சொல்லுங்கள்.

தூசி முழுவதும் நிற்காது. இழுத்து மூடும் கண்ணாடிக் கதவில் இரண்டு கதவும் ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் இருக்கும் இடுக்குதான் வாசல். அதில் மயிர் போன்ற பிரஷ் பட்டை ஒட்டினால் பெருமளவு குறையும். சாம்பிராணி போடும் நாளில் கதவு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். புகையின் பிசுக்கோடு சேர்ந்த தூசி பிரஷுக்கு வராது. மாதம் ஒருமுறை, கன்னத்துக்குப் பவுடர் பூசும் பெரிய மென்மையான பிரஷ் ஒன்றைப் புதிதாக வாங்கி இதற்கென்றே வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே தட்டி எடுங்கள். குமிழ்களுக்கு நடுவில் உள்ளதைக் கேமரா லென்ஸுக்கான ரப்பர் ஊதியால் ஊதிவிடலாம். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், ஸ்டிக்கர் உள்ள துண்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றதை 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில், மென்மையான சோப்பில் கையால் கழுவுங்கள். மே மாதப் பிற்பகலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அந்தச் சூட்டை நெருங்கிவிடக்கூடும், காலையிலேயே கழுவிவிடுங்கள். நிழலில் உலரட்டும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. தச்சரைக் கூப்பிடுவதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் தடித்த புத்தகங்களைக் கீழ்த் தட்டில் பின்வரிசையாக அடுக்கி, ஏழு செ.மீ. படியாக்கி, கார்களை நான் சொன்னபடி நிறுத்திப் பாருங்கள். மகள் நிற்கும் உயரத்திலிருந்தும், மனைவி உட்காரும் நாற்காலியிலிருந்தும், வாசலில் செருப்பைக் கழற்றும் இடத்திலிருந்தும் பாருங்கள். பின்வரிசையில் பாதி மறைந்தால் இன்னொரு புத்தகம் ஏற்றுங்கள். எந்த உயரத்தில் பத்து ஓட்டுநர்களின் ஹெல்மெட்டும் தெரிகின்றனவோ, அந்த அளவைக் குறித்துத் தச்சரிடம் கொடுங்கள்.